கை கொடுக்காத மூன்று வருடங்கள்

என் கணவர் தரையிலிருந்து எழுந்து நிற்க எத்தனை நொடி ஆகும் என்பது மூன்று வருடங்கள் எனக்கு மனப்பாடமாக இருந்தது. நல்ல நாளில் ஒன்பது. பனி கொட்டும் காலையில் பதினான்கு. இருபதைத் தாண்டினால் அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகு எனக்கு மிஞ்சிய கணக்கு இந்த ஒன்றுதான். அதையும் கடைசியில் தப்பாகப் போட்டேன்.

ஊட்டி பஜாரில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. தேயிலைத் தூள், தைலம், வர்க்கி பிஸ்கட். அவர் நின்றுகொண்டே வியாபாரம் செய்கிற ஆள். கடையில் ஸ்டூல் உண்டு. அதில் வாடிக்கையாளர்களும் பூனையும்தான் உட்காருவார்கள். அந்த மனிதருக்கு அறுபது நெருங்கும்போது முழங்கால் மடங்க ஆரம்பித்தது. நடந்துகொண்டே இருப்பார், சொல்லாமல் கொள்ளாமல் கால் விட்டுவிடும். மூட்டுத் தேய்மானம் என்று நாங்களே முடிவு கட்டினோம். ஒரு வருடம் முழுக்க எங்கள் கடைத் தைலத்தையே எடுத்துத் தொடையிலும் முழங்காலிலும் தேய்த்தார். போர்வை, தலையணை, சோறு எல்லாம் தைல வாசம். "விக்கிற சரக்க நீங்களே தீத்தீங்கன்னா கடை வெளங்கிரும்" என்று கேலி செய்தேன். அப்புறம் விரல்களில் பிடி போயிற்று. பொட்டலத்தைச் சுற்றிய நூலை இழுத்து அறுக்க முடியவில்லை. ஷட்டர் பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. அப்போதுதான் என் கேலி நின்றது.

கோயம்புத்தூரில் தொடையிலிருந்து துளி சதை வெட்டியெடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். மயோசைட்டிஸ், தசைக்குள் உண்டாகும் அழற்சி. அதில் பல வகை இருக்கிறதாம். சில வகை மருந்துக்குக் கட்டுப்படுமாம். இவருக்கு வந்தது, வயது ஏறியவர்களுக்கு வருகிற, மருந்துக்கு மசியாத வகை. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "மெதுவாத்தான் போகும், ஆனா போகும். இருக்கிற பலத்தக் காப்பாத்திக்க உடற்பயிற்சி செய்யணும். அளவா செய்யணும், விடாம செய்யணும்" என்றார்.

எனக்கு அது சுத்த ஏமாற்று வேலையாகப் பட்டது. சதை தேய்கிற மனிதனிடம் போய்ச் சதைக்கு வேலை கொடு என்றால் என்ன நியாயம்? பஜாரில் எல்லோரும் ஒரே குரலில் ஓய்வு என்றார்கள். ஆட்டுக்கால் சூப் என்றார்கள். நானும் அப்படியே செய்தேன். சட்டைப் பொத்தானை நான் போட்டேன், செருப்பை நான் மாட்டினேன், கட்டிலிலிருந்து எழ நான் கை கொடுத்தேன். கடைக்கு அவர் தம்பியை உட்காரவைத்தோம். ஆறு மாதத்தில், ஒருத்தி கை கொடுத்தால் எழுந்தவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டியதாயிற்று. நோய் பாதி தின்றது, என் பாசம் மீதியைத் தின்றது. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

அவருக்கு நடை போனது கூடப் பெரிய வருத்தமில்லை. தரை போனதுதான் வருத்தம். பள்ளிவாசலில் வரிசையின் ஓரத்தில் நான்கைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருப்பார்கள். முட்டிவலிக்காரர்கள், ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், மிகவும் வயதானவர்கள் அதில் உட்கார்ந்து தொழுவார்கள். மார்க்கம் அனுமதித்த விஷயம், யாரும் குறைவாக நினைப்பதில்லை. இவர் முதல் தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்த வெள்ளிக்கிழமை சாப்பிடவில்லை. "எல்லாரும் நெத்திய தரையில வெக்கிறாங்க. நான் மட்டும் எல்லார் முதுகையும் பாத்துட்டு உக்காந்திருக்கேன்" என்றார். எனக்கு நெஞ்சை அறுத்தது. அன்று சாயங்காலமே, குன்னூரிலிருந்து வீடு வீடாக வந்து பிசியோதெரபி செய்கிற பெண்ணைப் பற்றி விசாரித்தேன்.

முப்பது வயதுகூட ஆகாத பெண். கிறிஸ்தவக் குடும்பம், ஸ்கூட்டரில் வருவாள், ஹெல்மெட்டைக் கழற்றும்போதே அதட்டலை ஆரம்பித்துவிடுவாள். என்னை டீச்சர் என்பாள், அவரை அங்கிள் என்பாள். முதல் நாளே இருவரையும் உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டாள். "அங்கிள், உங்களுக்கு என்ன செய்ய முடியணும்? பெரிசா வேணாம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

"சஜ்தாவுலருந்து நானே எந்திரிக்கணும்."

தொழுகை விரிப்பை எடுத்து வரச் சொன்னாள். தரையில் நெற்றி வைத்து எழுவதை என்னைச் செய்துகாட்டச் சொல்லி இரண்டு தடவை பார்த்தாள். "இதுவே நல்ல உடற்பயிற்சி. நான் தனியா எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்ல" என்றாள். ஆனால் நேராகத் தரைக்குப் போகவில்லை. முதலில் உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது. ஒரு மாதம் கழித்துத் தாழ்ந்த நாற்காலி. பிறகு கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை முன்னே ஊன்றி எழுவது. பத்து தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். கணுக்காலில் கட்ட எடை வேண்டும் என்றாள். அவர் அரைக் கிலோ தூள் பொட்டலத்தைத் துணிப்பையில் போட்டு என்னிடம் தைக்கக் கொடுத்தார். காலைத் தூக்கும்போதெல்லாம் அறையில் தேயிலை வாசம் வரும். "அளவு முக்கியம் அங்கிள். மறுநாள் வலிச்சுதுன்னா முந்தின நாள் அதிகம் செஞ்சிருக்கீங்கன்னு அர்த்தம். பத்துன்னா பத்து" என்பாள். அவரிடம் அதைச் சொல்வது கஷ்டம். ஒரு கிலோ தூள் கேட்டவருக்கு மேலே ஒரு கைப்பிடி சேர்த்துப் போட்டே பழகிய கை அது.

எனக்கும் ஒரு பாடம் வைத்திருந்தாள். "டீச்சர், இனிமே நீங்க கை குடுக்கக் கூடாது. அவரு வாயத் தொறந்து கேட்டா மட்டும் குடுங்க. மூஞ்சியப் பாத்து குடுக்காதீங்க. மூஞ்சி எப்பவும் கேக்கும்."

உடற்பயிற்சி அவருக்கு என்றால் எனக்கு இதுதான் பயிற்சி. அவர் தரையில் தவிக்கும்போது கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்வேன். வாய்க்குள் எண்ணுவேன். நெற்றியில் வேர்க்கும், ஊட்டிக் குளிரில் வேர்க்கும். நான் இடத்தைவிட்டு அசையக் கூடாது. அந்த நாட்களில் நான் பட்ட பாடு அவர் பட்டதற்குக் குறைந்ததில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஒருமுறை மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போது அவர் களைத்துப்போய் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். எழ முயன்றார், முடியவில்லை, மறுபடி முயன்றார். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கேத்தியிலிருந்து கேரட் கொண்டுவந்து விற்கிற அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பொறுக்கமாட்டாமல் கத்தினாள். "ஏனுங்க டீச்சர், ஊட்டுக்காரரு இந்தப் பாடு படறாரு, நீங்க வேடிக்க பாத்துட்டு நிக்கறீங்க! ரெண்டு பேருக்கும் சண்டைங்களா?"

"சண்டையெல்லாம் இல்லீங்க. அவரே எந்திரிப்பாருங்க."

"நல்ல பொம்பள போங்க!"

அதற்குள் நாலு பேர் ஓடிவந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். மலை ஊரில் ஏற்றமும் இறக்கமும்தான் வாழ்க்கை. ஒருவர் தடுமாறினால் அடுத்தவர் கை தானாக நீண்டுவிடும். அப்படி நீளாத கை ஊரிலேயே என்னுடையதுதான். கல்நெஞ்சக்காரி என்று ஒரு பேச்சு பஜாரில் ஓடியது எனக்கும் வந்து சேர்ந்தது. அவரிடம் சொன்னேன். "கணக்கு டீச்சருக்குப் புதுசா வந்த பேரா அது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

எட்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவர் நாற்காலியில் உட்காராமல் வரிசையில் நின்றார். சுவரோரமாக நின்று, சுவரில் ஒரு கை ஊன்றி எழுந்தாராம். வீட்டுக்கு வந்து நெற்றியை என்னிடம் காட்டினார். பாயின் கோடுகள் லேசாகப் பதிந்திருந்தன. நான் அழுதேன். அவர், "அழுவறதுக்கா எட்டு மாசம் என்னப் பாடா படுத்தின?" என்றார். அன்றைக்கு அவர் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டார்.

இது நோயைக் குணப்படுத்தும் என்று அந்தப் பெண் ஒருபோதும் சொல்லவில்லை. விரல்கள் போய்க்கொண்டேதான் இருந்தன. மூன்றாம் வருடம் ஒன்பது நொடி பன்னிரண்டானது, பன்னிரண்டு பதினாறானது. அவள் பயிற்சியைக் குறைத்தாள், பத்தை ஆறாக்கினாள். அவர் முகம் வாடியது. எதையும் கூட்டித்தான் பழக்கம் அவருக்கு; குறைப்பதும் பயிற்சியில் ஒரு பகுதி என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. எனக்கு ஏறியிருந்ததா என்றும் இப்போது சந்தேகமாக இருக்கிறது.

போன நோன்பு மாதம் வந்தது. நோன்பு மாதத்தில் இஷா என்கிற இரவுத் தொழுகைக்குப் பிறகு தராவீஹ் தொழுகை உண்டு. எங்கள் பள்ளிவாசலில் இருபது ரக்அத்; ஒவ்வொன்றும் நின்று, குனிந்து, தரையில் நெற்றி வைத்து முடிகிற ஒரு சுற்று. அப்படியென்றால் இருபது முறை தரையிலிருந்து எழ வேண்டும். பிசியோதெரபிப் பெண்ணிடம் கேட்டோம். "அது மட்டும் நாற்காலியில உக்காந்து தொழுங்க அங்கிள். இல்லன்னா போகாதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவர் சரி என்றார். தினமும் போய் வந்தார். "நாற்காலியிலதான?" என்று நான் கேட்பேன். "நாற்காலியிலதான்" என்பார். வியாபாரத்தில்கூடப் பொய் சொல்லாத ஆள் என்று பேர் எடுத்தவர். நான் நம்பினேன்.

பன்னிரண்டாம் நோன்பு. அஸர் தொழுகை நேரம், நாலு மணி தாண்டியிருக்கும். வெளியே மேகம் இறங்கி எதிர்வீடு தெரியவில்லை. நோன்புக் கஞ்சிக்கு அரிசி ஊறிக்கொண்டிருந்தது. அவர் வீட்டிலேயே தொழுதார். நான் முன்னாலேயே தொழுதுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். முதல் மூன்று ரக்அத்துக்கும் கட்டிலைப் பிடித்துப் பிடித்து எழுந்தார், நேரம் எடுத்தது. நான்காவதில் எழ வேண்டியதில்லை, உட்கார்ந்தே முடிப்பதுதான். முடித்து, கையேந்தி துஆ கேட்டு, முகத்தைத் தடவிக்கொண்டார். பிறகு எழப் பார்த்தார்.

முதல் தடவை இடுப்புவரை வந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் தடவை அதுவும் வரவில்லை. நான் இருபதைத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மூன்று வருடத்தில் எத்தனையோ தடவை அப்படிப் பார்த்திருக்கிறார். வாய் திறக்கவில்லை. என் கைகள் தொடைக்கடியில் இருந்தன.

"முடியுமுங்க. எந்திரிங்க" என்றேன்.

கட்டில் விளிம்பைப் பிடித்து இடது காலை ஊன்றினார். முழு உடம்பும் அந்தக் காலின் மேல் ஏறிய நேரம் முழங்கால் மடங்கியது. விரல்களுக்கு விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் பலம் இல்லை. பக்கவாட்டில் விழுந்தார். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. நான் கையை எடுத்து நீட்டியபோது அவர் தரையில் இருந்தார்.

இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்ஸ் மலையிறங்கிக் கோயம்புத்தூர் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு வளைவிலும் அவர் பல்லைக் கடித்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டே போனேன். வேண்டாத நேரத்தில் பிடித்த கை.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ஜமாஅத்திலிருந்து இரண்டு பேர் பழங்களோடு பார்க்க வந்தார்கள். அதில் ஒருவர், பக்கத்துக் கடைக்காரர், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். "டீச்சர், உங்க ஊட்டுக்காரரு மாதிரி ஒரு மனுசன நாங்க பாத்ததில்லீங்க. பன்னெண்டு ராத்திரியும் இருபது ரக்அத்தும் நின்னு தொழுதாருங்க. நாற்காலியத் தொடவே இல்ல. எங்களுக்கே வெக்கமாப் போச்சுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு ராத்திரி, தினமும் இருபது தடவை. ஆறுக்கு மேல் வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்த கால்களை வைத்துக்கொண்டு. அன்று அஸருக்கு அந்தக் கால்களில் என்ன மிச்சம் இருந்திருக்கும்? நான் எண்ணியதெல்லாம் என்னுடைய கணக்கு. அவருடைய கணக்கு எனக்குத் தெரியாமல் வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கோபம் வந்தது, சத்தம் போடவேண்டும்போல இருந்தது. வந்தவர்களுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். இந்த நோய்க்காரருக்கு ஆறு வாரப் படுக்கை என்பது என்னவென்று எனக்கு ஏற்கெனவே தெரியும். வீட்டிலேயே ஒருமுறை செய்து பார்த்தவள்தானே நான். தொடைகள் கண்ணெதிரே வற்றின. ஊட்டிக்குத் திரும்பியபோது பஜாரே வந்து நாற்காலியோடு தூக்கிப் படியேற்றியது. எத்தனை கைகள்! அந்தக் கேரட்டம்மாவும் வந்திருந்தாள், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

பிசியோதெரபிப் பெண் வந்தாள். அன்றைக்கு அதட்டல் இல்லை. காலைத் தொட்டுப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள், எத்தனை ரக்அத் என்று அவரிடமே கேட்டாள். இருபது என்றார். கையில் ஏந்தியிருந்த குதிகாலை மெல்ல மெத்தையில் வைத்தாள். "இனி தரை வேண்டாம் அங்கிள். கட்டில்லருந்து நாற்காலிக்கு நீங்களா மாறணும். அதுக்கு வேலை செய்வோம்" என்றாள். அவர் தலையாட்டினார். படுத்தபடியே குதிகாலை மெத்தையில் அழுத்துவது, பாதத்தைத் தூக்குவது, ஐந்து ஐந்து தடவை. இப்போது அதுதான் செய்கிறோம். தொழுகை தலையசைப்பில் நடக்கிறது.

என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. நாலு மாதம் அதை விழுங்கிக்கொண்டே இருந்தேன். போன வாரம் ஒரு காலை, வெயில் கட்டிலில் விழுந்திருந்தது, அவர் காலுக்கு அடியில் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அன்னிக்கு என்னப் பாத்தீங்களே. கை கேட்டீங்களா?"

இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். நாற்காலி விஷயத்தில் சொன்ன மாதிரி ஒரு பொய் சொல்லட்டும் என்று ஏங்கினேன் என்றே சொல்லலாம்.

"ஆமா. கேட்டேன்" என்றார். "வாயால கேக்கல. அது என் தப்பு."

"நான் முடியும்னு சொன்னனே."

"அதனாலதான் இன்னொருக்கா எந்திரிச்சுப் பாத்தேன். நீ முடியும்னு சொன்னப்பல்லாம் முடிஞ்சிருக்கே, மூணு வருசமா."

குறை சொல்லும் குரலே இல்லை அதில். இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். தலையணையை விட்டுவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன். அவர் இடது பாதத்தை மெல்லத் தூக்கினார். அது நடுங்கியது. "எண்ணு" என்றார்.

ஒன்று என்ற சொல் எனக்கு வரவில்லை. கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, அவரே எண்ணிக்கொண்டார்.